கிறிஸ்தவக் கம்பர்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களில் நெல்லைச் சீமைக்காரர்கள் ஏராளம். பாளையங்கோட்டையும் சாயர்புரமும் அவர்களுக்குப் பழகிய பெயர்கள். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று புகழப்படும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையும் அந்த மண்ணில் தோன்றியவரே.

நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827-ம் ஆண்டு அவர் பிறந்தார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தை சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். மகனுக்கும் இளமையிலேயே கம்பன் கவி மனப்பாடம் ஆயிற்று.

1853-ல் சாயர்புரம் மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் அவர்களுடைய மதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்நாளில் நெல்லையில் அம்மதத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைத்த எளிய மக்கள். சாதியின் பெயரால் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். குலப்பெருமையும் புலமையும் உள்ள ஒருவர் அவர்களோடு ஒன்றாக மண்டியிடுவது லேசான காரியம் அல்ல.

ஆயினும் மனம் மெல்ல மாறியது. சகோதரர் முத்தையா பிள்ளையும் நண்பர் சிலரும் முன்னரே கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தனர். 1858-ல் சென்னையில் கிருஷ்ண பிள்ளையும் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயரும் சேர்ந்தது.

புல் தின்ற அரசன்

அகந்தை அடங்கும் கதைகள் பைபிளில் பல உண்டு. பாபிலோன் பேரரசன் நேபுகாத்நேச்சார் தான் கட்டிய நகரைப் பார்த்து இறுமாந்தான். அந்த நொடியே வானத்திலிருந்து தீர்ப்பு வந்தது. அறிவு கலங்கி, மாட்டைப் போலப் புல் தின்று திரிந்தான். வானத்தை நோக்கிக் கண்களை உயர்த்திய பிறகே புத்தி தெளிந்தான். அரசனை இறக்கிய அதே வேதம், கடவுளே மனிதனாக இறங்கி வந்தார் என்றும் கூறுகிறது. சீடர்களின் கால்களைக் கழுவியவர் இயேசு. இந்தத் தாழ்மையே கிருஷ்ண பிள்ளையின் காவியத்துக்கு உயிர்.

பாத்திரம் அடைத்தவர் நூல்

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர் இருந்தார். பாத்திரங்களின் ஓட்டையை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். முதுகில் பாவச்சுமையோடு மோட்ச நகரம் நோக்கி நடக்கும் ஒரு பயணியின் கதையை எழுதினார். 1678-ல் அது வெளிவந்தது. சிலுவையடியில்தான் பயணியின் சுமை கழன்று விழுகிறது. பிறகு தாழ்மை என்னும் பள்ளத்தாக்கில் அவன் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது கால் வழுக்குகிறது.

கம்பனைக் கரைத்துக் குடித்த பண்டிதர் இந்தத் தொழிலாளியின் நூலையே தம் காவியத்துக்கு அடிப்படையாகக் கொண்டார். அதுவே 1894-ல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்'. ஐந்து பருவங்கள் கொண்ட நூல். இயேசுவின் பாடுகளை மூலத்தைவிட விரிவாக, உருக்கமாகப் பாடினார். கற்ற தமிழை அவர் துறக்கவில்லை. காவியம் முழுவதும் கம்பன் நடையின் மணம் வீசுகிறது.

சென்னையிலும் நெல்லையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்த கிருஷ்ண பிள்ளை 1900-ல் மறைந்தார். எந்த எளிய மக்களோடு மண்டியிட அந்தக் காலத்துப் பெருமை தடுத்ததோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்றும் தேவாலயங்களில் அவர் பாடல்களைப் பாடுகிறார்கள்.