கணித மேதை இராமானுஜன்



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும், கணக்குப் பாடவேளை வந்ததும் முகம் வாடும் பிள்ளைகளை நாம் வகுப்பறையில் காண்கிறோம். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கணக்கு வரும் என்று எண்ணும் பெற்றோரும் உளர். அவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு ஒரு மேதையின் வாழ்வே சான்றாகும். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

இளமைப் பருவம்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவிலிருந்த ஒரு சிறு வீட்டில். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதும் எழுத்தர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பத்திப் பாடல்கள் பாடுவார். குடும்பத்தின் வருவாய் குறைவு. இரண்டாம் வயதில் பெரியம்மை கண்டு, பிள்ளை தப்பிப் பிழைத்ததே பெரிதாயிற்று.

மேதை என்றால் பள்ளிக்கு விரும்பியே சென்றிருப்பார் என்று நினைப்பீர்கள். அவ்வாறன்று. சில காலம் சென்னையில் படிக்க நேர்ந்தபோது அப்பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்குச் செல்லாமல் நழுவப் பார்த்தார். அவரைப் பள்ளிக்குச் செல்ல வைக்கக் குடும்பத்தார் ஒரு காவலரின் உதவியை நாடினர்! கும்பகோணம் திரும்பிக் காங்கேயன் தொடக்கப்பள்ளியில் பயின்றபோதோ நிலைமை மாறிற்று. 1897ஆம் ஆண்டு நவம்பரில், பத்து வயது நிரம்புமுன், தமிழ், ஆங்கிலம், புவியியல், எண்கணிதம் ஆகியவற்றில் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதன்மையாகத் தேறினார்.

அடுத்து நகர உயர்நிலைப் பள்ளி. அங்கு நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றே வரும் என்று ஆசிரியர் விளக்கினாராம். உடனே இராமானுஜன் எழுந்து, பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் இருந்தால் அப்போதும் ஒன்றுதான் வருமா என்று கேட்டாராம். சுழியைச் சுழியால் வகுத்தால் என்ன என்பதே அக்கேள்வி. அதற்கு உறுதியான ஒரே விடை கிடையாது என்பதைக் கணிதம் பயின்றோர் அறிவர்.

நூலும் சிலேட்டும்

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர் இருவர் அறிந்த கணிதம் முழுவதையும் பதினொரு வயதிலேயே அவர் கற்றுக்கொண்டார். 1903இல், நண்பர் ஒருவர் வழியாகக் கார் என்பார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் கைக்குக் கிட்டிற்று. ஏறத்தாழ 5,000 தேற்றங்களைக் கொண்ட அந்நூலில் விளக்கங்கள் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். இரவல் பெற்ற ஒரு நூல் அவர் வாழ்வின் போக்கையே மாற்றிற்று.

1904இல் பள்ளியின் கணிதப் பரிசைப் பெற்றார்; கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் தேர்வில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேறவில்லை. பட்டம் இல்லை; வேலை இல்லை. தாள் வாங்கப் பணம் போதாமல் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

அந்நாளில் அவருக்குக் கைகொடுத்தோர் சிலர். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அவர் திறனை உணர்ந்தார். மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

கடல் கடந்த புகழ்

1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதியனுப்பினார். அதற்குமுன் எழுதிய வேறு பேராசிரியர்கள் உதவ முன்வரவில்லை. ஹார்டியோ அதன் அருமையை உணர்ந்து அவரை அழைத்தார். 1914இல் இராமானுஜன் கப்பலேறினார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வுபெற்ற முதல் இந்தியரும் அவரே.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எத்தனை வகையாகக் குவியலாக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. ஐந்து கொட்டைகளுக்கு ஏழு வகை. பத்துக்கு 42. நூறுக்கோ 190,569,292, அதாவது 19 கோடிக்கும் மேல்! இவ்வெண்ணிக்கையைக் கணிக்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் கண்டு 1918இல் வெளியிட்டனர். பேரறிஞர்களை வியக்கவைத்த அவ்வாய்வின் வேர், தொடக்கப்பள்ளிப் பிள்ளை செய்யும் கூட்டல் கணக்கிலே இருக்கிறது. பொருளைக் கையால் எண்ணி, படமாக வரைந்து, பின் எண்ணாக எழுதும் முறையைச் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் 1980களின் தொடக்கம் முதல் கைக்கொண்டதும் இது போன்ற காரணம் பற்றியே.

இங்கிலாந்தின் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. மருத்துவமனையில் காணவந்த ஹார்டி, தாம் வந்த டாக்சி வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பேதுமில்லை என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். 12ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கினால் 1,728. அதனுடன் 1 சேர்ந்தால் 1,729. 10ஐ அவ்வாறு பெருக்கினால் 1,000. 9ஐப் பெருக்கினால் 729. கூட்டினால் அதே 1,729. இப்படி இரு வகையில் அமையும் எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார்.

1919இல் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டன. அவர் பிறந்த நாளை இந்தியா 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது.

நாம் கற்க வேண்டியவை

மாணவர்களே, கணிதத்தில் இராமானுஜனைப் பின்பற்றுங்கள். ஏனைய பாடங்களைக் கைவிட்டதில் அவரைப் பின்பற்றாதீர்கள். நம் குவீன்ஸ்டவுனில் 1970இல் திறக்கப்பட்ட நூலகம், சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகமாகும். இரவல் நூலின் பயனை அறிந்த நீங்கள் அதனை நாடிச் செல்லுங்கள்.

பெற்றோர்களே, நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் உங்கள் நிலையை நாம் அறிவோம். ஆயினும், பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். விடை தெரியாவிடில், ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். துணிக்கடை எழுத்தரின் மகனுக்குச் சிலர் காலத்தில் கைகொடுத்தனர்; உலகம் ஒரு மேதையைப் பெற்றது. கைகொடுப்பார் இன்றி மறைந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! நம் பேட்டையில் அவ்வாறு ஒரு பிள்ளையும் வீணாகாமல் காப்பது உங்கள் கடமை. நம் பள்ளியின் கடமையும் அதுவே.

- தலைமையாசிரியர்