எலும்பில் ஆண், பெண் தேடிய பிரபு

ராஜாவாக ஆசைப்பட்டார் ஒரு பிரபு. பட்டம் கிடைக்கவில்லை. ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்ட பிராணிகளில் ஆண் எது, பெண் எது என்று கேட்டு, விஞ்ஞான உலகில் பெயர் பெற்றார்.

அவர்தான் பிரான்ஸ் நோப்சா.

சகோதரி தந்த எலும்பு

நோப்சா 1877-ம் ஆண்டு மே 3-ந் தேதி திரான்சில்வேனியாவில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது ஹங்கேரியில் இருந்தது. இப்போது ருமேனியாவில் இருக்கிறது.

1895-ல், குடும்ப நிலத்தில் கிடைத்த சில எலும்புகளைச் சகோதரி இலோனா அவரிடம் கொடுத்தார். நோப்சா அவற்றை வியன்னாவுக்குக் கொண்டுபோய்ப் பேராசிரியர் எடுவர்ட் சூஸிடம் காட்டினார். நீயே ஆராய்ந்து பார் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

நோப்சா இரவு பகலாகப் படித்தார். அவை டைனோசார் எலும்புகள் என்று கண்டார். 22 வயதில் தம் ஆராய்ச்சியை வியன்னாவில் சமர்ப்பித்தார்!

சேவலும் கோழியும்

வட அமெரிக்காவில் வாத்து மூக்கு டைனோசார்கள் பல கிடைத்திருந்தன. சிலவற்றின் தலையில் கொண்டை இருந்தது. சிலவற்றுக்கு இல்லை.

சேவலுக்குப் பெரிய கொண்டை, கோழிக்குச் சிறியது. மயிலிலும் ஆணுக்கே நீண்ட தோகை. அதுபோல, கொண்டை உள்ளவை ஆண், இல்லாதவை பெண் என்று 1929-ல் நோப்சா எழுதினார்.

இது தவறு என்று பின்னர் தெரிந்தது. 1987-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், கொண்டை வைத்த வகையின் முட்டைகளும் குஞ்சுகளும் கிடைத்தன. கொண்டை வகைக்குள்ளேயே தாயும் இருந்தாள்! இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

பட்டமும் போனது, பணமும் போனது

1913-ல், அல்பேனியா நாட்டுக்கு ராஜாவாகத் தம்மை ஏற்கும்படி நோப்சா கேட்டார். ஒரு ஜெர்மன் இளவரசருக்கு அந்தப் பட்டம் போயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின் சொத்தும் போயிற்று. அரும்பாடுபட்டுச் சேர்த்த எலும்புகளை லண்டன் பொருட்காட்சிசாலைக்கு விற்றார்.

முடிவு கோரமானது. 1933-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி வியன்னாவில், பல ஆண்டுகள் உடனிருந்த செயலாளரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார்.

கேள்வி சாகவில்லை

எலும்பை வைத்து ஆண், பெண் சொல்லமுடியுமா?

முட்டையிடப் போகும் கோழியின் எலும்புக்குள் தனியாக ஒரு சுண்ணாம்புப் படிவு உண்டாகும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதிலிருந்து கிடைக்கும். சேவலுக்கு இது கிடையாது.

6 கோடியே 80 லட்சம் ஆண்டு பழமையான டைரனோசாரஸ் என்னும் டைனோசாரின் தொடை எலும்பில் அத்தகைய படிவைக் கண்டதாக, 2005-ல் அமெரிக்க விஞ்ஞானி மேரி ஷ்வைட்சரும் அவருடைய குழுவினரும் அறிவித்தனர். அது ஒரு பெண். முட்டையிடும் பருவத்தில் இருந்தது என்றார்கள்.

நோப்சா தலையில் தேடிய விடை, தொடைக்குள் இருந்தது!