கேரி கில்டால்: சி டிரைவுக்கு முந்தைய கதை

உங்க லேப்டாப்ல என்ன ஓஎஸ் ஓடுதுன்னு கேட்டா யோசிக்காம சொல்லிடுவீங்க. ஏன் அதைப் பயன்படுத்துறீங்கன்னு கேட்டாதான் கொஞ்சம் இழுப்பீங்க. கேம்ஸ், ஆட்டோகேட், லேப்ல இருக்கிற சாஃப்ட்வேர்னு காரணங்கள் வரும். எல்லாத்தையும் உரிச்சுப் பார்த்தா கடைசியில மிஞ்சுறது பெரும்பாலும் ஒண்ணுதான்: வாங்கும்போதே அதுதான் உள்ளே இருந்துச்சு. தேடிப்பிடிச்சு லினக்ஸ் போட்டவங்க மட்டும் இந்த இடத்துல காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இந்தச் சாதாரணக் காரணம் ஒரு மனிதரின் வாழ்க்கையையே திசை திருப்பியது. அவர் பெயர் கேரி கில்டால். பெயர் புதுசா இருந்தாலும், அவர் வேலையை நீங்க ஏற்கனவே தொட்டிருக்கலாம்.

மைக்ரோபிராசசர் லேப்ல 8086-க்கு மாஸ்ம்ல புரோகிராம் எழுதினது ஞாபகம் இருக்கா? திரையில் ஒரு வரி காட்ட வேண்டுமென்றால் ஏஹெச் ரெஜிஸ்டரில் 9, டிஎக்ஸில் முகவரி, பிறகு இன்ட் 21ஹெச். வரியின் கடைசியில் ஒரு டாலர் குறி. அதை மறந்தால் திரை முழுக்கக் குப்பை கொட்டும். ஏன் டாலர்னு யாரும் கேட்கிறதில்லை. ரெக்கார்டு எழுதி சைன் வாங்கினா போதும்னு போயிடுவோம். அந்த டாலர் மைக்ரோசாஃப்டின் யோசனை அல்ல. டாஸ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கில்டால் எழுதிய சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், 9 என்ற எண்ணுள்ள சேவை இதே வேலையைத்தான் செய்தது. அங்கேயும் வரி டாலரில்தான் முடிந்தது. சி ரெஜிஸ்டரில் 9, டிஇ-யில் முகவரி, 5-ஆம் முகவரிக்கு ஒரு கால். எண்கூட மாறவில்லை, பாருங்க.

கில்டால் 1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் செலுத்துவோருக்குத் திசையறியும் கலையைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை அவர் குடும்பம் நடத்தி வந்தது. கில்டாலும் அங்கே பாடம் எடுத்தார். கணித ஆசிரியர் ஆகும் எண்ணத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை கணினி இழுத்துக்கொண்டது. 1972-ல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். வியட்நாம் போர்க் காலம் அது. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தபோது போர்க்களத்துக்குப் போகாமல், கலிபோர்னியாவின் மான்டரே ஊரில் இருந்த கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கணினி கற்பிக்கும் பணி அவருக்கு அமைந்தது.

கம்பைலர் டிசைன் பேப்பர் எடுத்தவங்க இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ்னு ஒரு தலைப்பு வரும்ல, அதுக்கு அடித்தளம் போட்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று 1973-ல் கில்டால் எழுதியது. ஓஎஸ் பக்கமே அவர் வராமல் இருந்திருந்தாலும் பாடப்புத்தகத்தில் அவருக்கு இடம் இருந்திருக்கும்.

அப்போதுதான் இன்டெல் 4004, அடுத்து 8008, 8080 என்று சில்லுகள் வந்துகொண்டிருந்தன. டிராஃபிக் சிக்னலுக்கும் கால்குலேட்டருக்கும் பயன்படும் சமாச்சாரம் என்றே பலரும் அவற்றைப் பார்த்தார்கள். கில்டால் அதை ஒரு முழுக் கணினியாகப் பார்த்தார். இன்டெலுக்கு ஆலோசகராகப் போய், அந்தச் சில்லுகளுக்காக பிஎல்/எம் என்ற நிரல்மொழியை எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்ததில் கணினிக் கருவிகளும் உண்டு.

கருவி இருக்கு, சேமிக்க இடம் இல்லை. நிரலைத் துளையிட்ட காகித நாடாவில் ஏற்றி இறக்கி மல்லுக்கட்ட வேண்டும். ஷுகார்ட் கம்பெனியில் இருந்து ஒரு ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தது. ஆனால் அதை 8080-உடன் இணைக்கும் கன்ட்ரோலர் கிடையாது. சாஃப்ட்வேர்காரரான கில்டாலுக்கு அது கைவரவில்லை. ஜான் டொரோட் என்ற நண்பர் கன்ட்ரோலரைச் செய்து தந்தார். 1974-ல் பசிபிக் க்ரோவ் என்ற சின்னக் கடலோர ஊரில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்து அந்த டிரைவில் இருந்து சிபி/எம் முதல்முறையாக உயிர் பெற்றது. கோப்புக்குப் பெயர், பெயருக்குப் பின் மூன்றெழுத்து வால், டிர் அடித்தால் பட்டியல், ஏ, பி என்று டிரைவுக்கு எழுத்து. டெக் நிறுவனத்தின் பெரிய கணினிகளில் அவர் பழகியிருந்த முறைகளின் சாயல் இதில் நிறையவே உண்டு. ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்கு. பின்னால் பிசியில் ஹார்ட் டிஸ்க் வந்தபோது அதற்கு மூன்றாவது எழுத்து போனது. உங்க லேப்டாப்ல ஃப்ளாப்பியே இல்லாட்டியும் சி-யில இருந்து கணக்கு தொடங்குதே, அந்த மிச்சம்தான்.

இன்டெலுக்கு அதை விற்கப் பார்த்தார். அவர்கள் பிஎல்/எம்-ஐ எடுத்துக்கொண்டார்கள், சிபி/எம் வேண்டாம் என்றார்கள். சரி, நாமே விற்போம் என்று கில்டாலும் மனைவி டோரத்தியும் கம்பெனி தொடங்கினார்கள். இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர் வைத்தார்கள். நட்சத்திர மண்டலங்களுக்கு இடையேயான கம்பெனி. ஆள் பலம் புருஷன், பொண்டாட்டி! பிறகு பெயரின் முன்பாதி உதிர்ந்தது. தபாலில் 70 டாலருக்கு விற்றார்கள். வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர் டோரத்தி.

என் கணக்கில், கில்டாலின் வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயம் இதற்கு அடுத்துதான் வருகிறது. அன்று ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்ஸை மறுபடி திருத்திக் கொடுத்து அவருக்கு அலுத்துப்போனது. அதனால் ஓஎஸ்ஸை இரண்டாக வெட்டினார். வன்பொருளோடு நேரடியாகப் பேசும் துண்டு தனி. அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். மேலே இருக்கும் மீதியெல்லாம் எந்தக் கணினியிலும் மாறாது. புதுக் கணினி செய்கிறவர் பயாஸை மட்டும் எழுதிக்கொண்டால் போதும், சிபி/எம் அதில் ஓடும். சிபி/எம் ஓடினால் அதற்கு எழுதப்பட்ட வேர்ட்ஸ்டார், டிபேஸ் எல்லாம் ஓடும். டெல்லோ லெனோவோவோ எதுவா இருந்தாலும் ஒரே பென் டிரைவ்ல இருந்து ஓஎஸ் போடுறோமே, அந்த வசதிக்குப் பின்னால் இந்த வெட்டு இருக்கிறது. 1970களின் கடைசியில் சின்னக் கணினி உலகின் பொதுமொழியே சிபி/எம் தான். மைக்ரோசாஃப்டே ஆப்பிள் 2-இல் சிபி/எம் ஓடுவதற்காக 1980-ல் ஒரு அட்டை செய்து விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 1980-ல் ஐபிஎம் ரகசியமாகத் தன் பிசியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஓஎஸ் வேண்டும் என்று பில் கேட்ஸிடம் கேட்டார்கள். அவர் கில்டாலிடம் போகச் சொன்னார். ஐபிஎம் ஆட்கள் பசிபிக் க்ரோவுக்கு வந்தார்கள். அன்று கில்டால் தன் சொந்த விமானத்தில் ஜாலியாகப் பறக்கப் போய்விட்டார், அதனால் பில்லியனைக் கோட்டைவிட்டார் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுத்துது. மோட்டிவேஷன் வீடியோக்களுக்கு ரொம்பத் தோதான கதை. உண்மை அவ்வளவு சுவாரசியமானது இல்லை. அவர் ஓக்லாந்தில் இருந்த ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத் தொழில் விஷயமாகப் பறந்துபோனார். ஒப்பந்தங்களைக் கவனிப்பது வழக்கமாக டோரத்திதான். அன்றும் அவர்தான் உட்கார்ந்தார். ஐபிஎம் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டியது. நாங்கள் சொல்வதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது, நீங்கள் சொல்வதை நாங்கள் எப்படியும் பயன்படுத்துவோம் என்ற ஒருபக்க ஒப்பந்தம். டோரத்தியும் வக்கீலும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். படிக்காமலே ஐ அக்ரி அழுத்துற நமக்கு அந்தத் தயக்கம் விசித்திரமா இருக்கலாம். அவங்க செஞ்சதுதான் சரி. அன்று பிற்பகல் என்ன நடந்தது, கில்டால் எப்போது திரும்பினார் என்பதில் சம்பந்தப்பட்டவர்களே ஒத்துப்போகவில்லை. பேச்சுவார்த்தை கூடிவரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கில்டால் பக்கம் ஒரு தவறும் இல்லைன்னு சொல்ல வரலை. ஐபிஎம் பிசியின் சில்லு 8088; அதற்கு வேண்டிய சிபி/எம்-86 தாமதமாகிக்கொண்டே போனது. அந்தத் தாமதம் தாங்காமல்தான் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிம் பாட்டர்சன் என்ற இளைஞர் சிபி/எம் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே சேவை எண்களோடு ஒரு ஓஎஸ் எழுதினார். பழைய நிரல்களை எளிதாக மாற்றி ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. நமக்குத் தெரிந்த டாலர் குறி புதுவீட்டுக்குக் குடிபோனது இப்படித்தான். கில்டாலின் நிரல் வரிகளைப் பாட்டர்சன் நகல் எடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெளித்தோற்றம், சேவை எண்கள், பழக்கவழக்கம் எல்லாம் அவருடையவை; உள்ளே வேறு நிரல். இது திருட்டா இல்லையா? ஏபிஐ-க்கு யார் சொந்தக்காரர் என்று பின்னாளில் கோர்ட்டில் சண்டை நடந்த துறை நம்முடையது. அன்று சாஃப்ட்வேர் காப்புரிமைச் சட்டம் இன்னும் பச்சைக் குழந்தை.

மைக்ரோசாஃப்ட் அந்த ஓஎஸ்ஸின் முழு உரிமையையும் 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு வாங்கியது. ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. விஷயம் தெரிந்து கில்டால் கொதித்து, வழக்குப் போடுவேன் என்றார். ஐபிஎம் சமாதானம் பேசியது: வழக்கு வேண்டாம், உங்கள் சிபி/எம்-86-ஐயும் எங்கள் பிசிக்கு விற்கிறோம், வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கட்டும். கில்டால் சம்மதித்தார். நல்லது ஜெயிக்கும் என்று நம்பினார் போல. 1982-ல் சிபி/எம்-86 விற்பனைக்கு வந்தபோது விலைப்பட்டியலில் டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். நீங்க அந்தக் கடையில் நின்றிருந்தா எதை வாங்கியிருப்பீங்க? நானும் அதைத்தான்.

இன்னொரு அடி கண்ணுக்குத் தெரியாதது. டாஸை மற்ற கம்பெனிகளுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் பிசியைப் போலவே கணினி செய்ய எத்தனையோ கம்பெனிகள் கிளம்பியதும் ஒவ்வொரு பெட்டியிலும் எம்எஸ்-டாஸ் ஏறியது. எந்த வன்பொருளிலும் ஓடும் பொது ஓஎஸ் என்ற கில்டாலின் யோசனை, அவர் பெயர் இல்லாமல் உலகத்தைப் பிடித்தது.

அவர் ஏழையாகிவிடவில்லை, விமானம், கார் என்று வசதியாகத்தான் இருந்தார். மூலையில் முடங்கவும் இல்லை. கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இணைத் தொகுப்பாளராகப் பல ஆண்டுகள் வந்தார். போட்டியாளர்களின் படைப்புகளையும் பொறுமையாக விளக்கினார். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தைக் குறுந்தகட்டில் கொண்டுவந்தார். 1988-ல் அவர் கம்பெனி, டாஸ் நிரல்களை அப்படியே ஓட்டும் டிஆர் டாஸை வெளியிட்டது. அதன் 1990-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த நினைவக வசதிகளுக்கு ஈடாக எம்எஸ்-டாஸில் வர அடுத்த ஆண்டு ஆனது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணினிக் கம்பெனிகளோடு போட்டிருந்த ஒப்பந்தங்களில் ஒரு வகை இப்படி: எந்த ஓஎஸ் போட்டு விற்றாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்டணும். அப்புறம் எந்தக் கம்பெனி டிஆர் டாஸுக்கும் சேர்த்து ரெண்டு முறை காசு கொடுக்கும்?

1991-ல் கம்பெனி நாவெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டு அவர் படித்த பல்கலைக்கழகத்தில் கணினித் துறையின் 25-ஆம் ஆண்டு விழா. சிறப்புரைக்கு அழைக்கப்பட்டவர் பில் கேட்ஸ். அங்கே படித்தவரும் இல்லை, சேர்ந்த கல்லூரியையும் முடித்தவர் இல்லை. அங்கேயே முனைவர் பட்டம் வாங்கிய கில்டால் பார்வையாளர்களில் ஒருவராக அழைக்கப்பட்டார். அந்த வலியில்தான் தன் கதையைத் தானே எழுதத் தொடங்கினார். கடைசி வருடங்களில் குடிப்பழக்கம் அவரைப் பிடித்திருந்தது. 1994 ஜூலையில் மான்டரேயில் ஒரு மதுக்கூடத்தில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து, ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52.

நான்காவது நாள், ஜூலை 15 அன்று, அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாஃப்டோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. கணினி ஒவ்வொன்றுக்கும் காசு கேட்கும் அந்த ஒப்பந்த முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

அவர் எழுதிய வாழ்க்கைக் கதையின் முதல் பகுதியைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2016-ல் வெளியிட்டது. சிபி/எம்மின் மூலநிரலை யாரும் எடுக்கலாம், பகிரலாம் என்று உரிமையாளர் தரப்பு 2022-ல் தெளிவாக்கிவிட்டது. 2.2 பதிப்பில் பயாஸை விட்டுவிட்டுப் பார்த்தால் முழு ஓஎஸ்ஸும் 5.5 கிலோபைட்தான், எல்லாமே 8080 அசெம்பிளி. 8085 லேப் முடிச்சவங்களுக்கு அந்த இன்ஸ்ட்ரக்ஷன்கள் புதுசில்லை. செமஸ்டர் லீவுல ஒரு எமுலேட்டரை இறக்கி ஓட்டிப் பாருங்க; 9-ஆம் சேவை டாலரைத் தேடுற இடத்தை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.