பொங்கல் பானையும் சிலுவையும்

காஞ்சிபுரத்தில் உயிர்ப்புப் பெருவிழா என்றால் பாஸ்கா திருவிழிப்போடு புதுப்பட்டும் பிரியாணியும் சேர்ந்தே வரும். இதில் கொண்டாட்டம் எது, விசுவாசம் எது? இந்தக் கேள்விக்காகவே புகாரும் பழியும் சுமந்தவர் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி.

1577இல் உரோமையில் பிறந்த இயேசு சபைக் குரு. 1606இல் மதுரைக்கு வந்தவர் காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை ஊர் வழக்கங்களே, விசுவாசத்திற்குத் தடையல்ல என்று வாதாடினார். தைப் பொங்கலையும் அவர் நிறுத்தவில்லை. பானையைச் சிலுவையடியில் வைத்துப் புது அரிசியைப் பொங்க அனுமதித்தார். பால் அதேபோலப் பொங்கியது. நன்றி மட்டும் ஆண்டவருக்குச் சென்றது.

உடனிருந்த குருவே அவர்மீது புகார் எழுதினார். 1619இல் கோவாவில் அவரை விசாரித்தார்கள். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவ்வழக்கங்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஆனால் சாதிப் பிரிவையும் ஊர் வழக்கமென்றே அவர் விட்டுவைத்தார். அதன் வலியைத் தமிழகத் திருச்சபை இன்றும் அனுபவிக்கிறது.

முதுமையில் பார்வை குன்றியது. காஞ்சியிலிருந்து அதிகத் தொலைவில்லாத மயிலாப்பூரில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1656 சனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.