ஊதாரி மைந்தனை எழுதிய ஓவியர்

ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே, காற்றாலை வைத்துத் தானியம் அரைத்து வாழ்ந்த ஒருவருக்கு மைந்தராக 1606ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆந் திகதி பிறந்தவர் றெம்பிறான்ட். பெற்றோர் அவரை இலத்தீன் பாடசாலைக்கு அனுப்பினர். பதினான்காம் வயதிலே அந்நகரப் பல்கலைக்கழகத்திலும் அவர் பெயர் பதியப்பெற்றது. ஆயினும் அவர் உள்ளம் ஏட்டில் நில்லாது தூரிகையையே நாடிற்று. உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் ஏறக்குறைய மூன்றாண்டும், பின்னர் அம்ஸ்ரடாமிலே லாஸ்ற்மன் என்பாரிடம் ஆறு மாதமும் பயின்று, தாமே தொழில் தொடங்கினார்.

அக்காலத்து ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபை, ஆலயங்களிலே படமும் சிலையும் வைப்பதை விலக்கியிருந்தது. ஆகவே, வேதக் காட்சிகளை எழுத விரும்பிய ஓவியருக்குப் பீடத்தின்மேல் இடமில்லை. வீட்டுச் சுவரிலும், கையில் எடுத்துப் பார்க்குங் கடதாசியிலுமே இடமிருந்தது. இத்தடை றெம்பிறான்டுக்கு நன்மையாயிற்று என்றே யாம் கருதுகின்றோம். கூட்டமாக நின்று தொழுவோருக்கென எழுதும் படத்துக்குப் பெருமிதம் வேண்டும். தனித்திருந்து பார்ப்பவனுக்கென எழுதும் படத்திலோ, ஓவியன் தன் நெஞ்சைத் திறந்து காட்டலாம்.

பத்தொன்பதாம் வயதிலே, 1625இல், ஸ்தேவான் கல்லெறியுண்டு இறக்குங் காட்சியை எழுதினார். காலங் குறிக்கப்பெற்ற அவர் ஓவியங்களுள் இதுவே முந்தியது. கல்லோங்கி நிற்கும் கூட்டத்தின் நடுவே எட்டிப் பார்க்கும் ஒரு முகம் அவருடையதென்பர். 1633ஆம் ஆண்டளவில், ஒறேஞ்சு இளவரசருக்காகச் சிலுவையை உயர்த்துங் காட்சியை எழுதியபோதோ ஐயத்துக்கே இடமில்லை. நீலச் சட்டையும் ஓவியர் தொப்பியும் அணிந்து, அம்மரத்தைப் பற்றி உயர்த்துபவனாகத் தம்மையே எழுதினார். ஓவியர் தம் முகத்தைப் படத்தின் ஒரு மூலையிலே வைப்பது மேனாட்டிற் பழைய வழக்கந்தான். ஆனால், அழுது நிற்கும் அடியாரை விட்டுக் கொலைஞர் பக்கத்திலே போய் நிற்பது எளிதன்று.

1634இல் சாஸ்கியா என்னுஞ் செல்வக் குடிப்பெண்ணை மணந்தார். பெயரும் பொருளும் பெருகின. 1639இல் 13,000 கில்டர் விலை பேசிப் பெருமனையொன்றைக் கடனாக வாங்கினார். கண்ட பொருளையெல்லாம் ஏலத்தில் வாங்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. 1635ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய படமொன்று இன்று திரெஸ்டன் நகரில் உள்ளது. இறகு சூடிய தொப்பியும் இடையில் வாளுமாக ஓர் இளைஞன், மடியிலே பெண்ணை இருத்தி, மதுக்கிண்ணத்தை உயர்த்தி நம்மை நோக்கி நகைக்கின்றான். தந்தையின் சொத்தை மதுச்சாலையில் அழிக்கும் ஊதாரி மைந்தன் அவன். முகம் றெம்பிறான்டின் முகம். அப்பெண்ணின் முகமோ சாஸ்கியாவின் முகம். விளையாட்டாகவே எழுதினார் போலும்.

பிறந்த மக்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராகக் குழவிப் பருவத்திலேயே மாண்டனர். நான்காவதாகப் பிறந்த தீத்து என்பவனே எஞ்சினான். அவனுக்கு ஒரு வயதும் நிறையாத 1642இல் சாஸ்கியாவும் இறந்தாள்.

இதன்பின் நடந்ததொன்றைச் சரிதம் எழுதுவோர் மறைத்தல் ஆகாது. குழந்தையை வளர்க்க வந்த கேர்ச்சே என்னும் விதவையோடு அவர் வாழ்ந்தார். சாஸ்கியாவின் நகைகளையும் அவளுக்குக் கொடுத்தார். பின்னர் மனம் மாறினார். மணப்பதாகச் சொல்லி ஏமாற்றினாரென அவள் 1649இல் வழக்குத் தொடுத்தாள். ஆண்டுக்கு 200 கில்டர் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. மறு ஆண்டிலே அவளைக் கௌடா நகரத்துத் திருத்தச்சாலையில் அடைப்பதற்கு அவரே துணைநின்றார். ஐந்தாண்டு அவள் அங்கே கிடந்தாள்.

இவ்வாண்டுகளிலேதான் நூறு கில்டர்ப் படம் என வழங்கும் செதுக்கோவியமும் பிறந்தது. செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையிட்டுக் கடதாசியில் ஒற்றியெடுக்கும் வேலை அது. மத்தேயுவின் சுவிசேஷத்துப் பத்தொன்பதாம் அதிகாரம் முழுவதும் அந்த ஒற்றைத் தாளில் அடங்கிக் கிடக்கின்றது. நடுவே இயேசுநாதர், ஒருபுறம் வாதஞ் செய்யும் பரிசேயர், மறுபுறம் பாயிலும் தள்ளுவண்டியிலும் வந்து விழுந்த பிணியாளர், இடையிலே குழந்தையை ஏந்திய தாயும், தலையைக் கையில் தாங்கிச் சிந்திக்கும் செல்வ வாலிபனும். பிணியாளரின் கூப்பிய கைகளின் நிழல் இயேசுவின் அங்கியிலே விழுகின்றது. இத்தகைய இரக்கத்தை எழுதிய கையும், ஒரு பெண்ணைச் சிறையில் வைக்கத் துணைபோன கையும் ஒன்றே என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு துணுக்குறுகின்றது.

அடுத்து அவரோடு வாழ்ந்தவள் ஹென்றிக்கே. மறுமணஞ் செய்யின் சாஸ்கியாவின் சொத்தில் உரிமை போய்விடும் என்பதால் அவளையும் அவர் மணக்கவில்லை. 1654இல் திருச்சபையார் அவளை அழைத்துக் கண்டித்து, திருவிருந்தினின்றும் விலக்கினர். தண்டனை முழுதும் அவள்மேலேயே விழுந்தது. 1656இல் றெம்பிறான்ட் கடனாளியாகிச் சொத்தையெல்லாம் ஒப்புவித்தார். அப்பொழுது எடுத்த பட்டியலிலே பழைய வேதாகமம் ஒன்றும், உயிருருவைப் பார்த்து எழுதிய கிறிஸ்துவின் தலை ஒன்றும் காணப்படுகின்றன. அவர் மனை யூதர் வாழ்ந்த தெருவில் இருந்தது. அயலவனான யூத இளைஞன் ஒருவனைப் பார்த்தே அதை எழுதினார் என்பர். 1658இல் மனையும் ஏலம் போயிற்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் அவ்வாண்டே. கீழைத்தேச வணிகத்தால் அம்ஸ்ரடாம் கொழித்த நாளிலே, அந்நகரின் தலைசிறந்த ஓவியர் வாடகை வீடு தேடினார்.

1663இல் ஹென்றிக்கே இறந்தாள். 1668இல், மணம் முடித்த ஆண்டிலேயே, தீத்துவும் இறந்தான்.

இவ்விறுதிக் காலத்திலே ஊதாரி மைந்தன் மீண்டும் வந்தான். உருசியாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள அந்த ஓவியம் எட்டரை அடி உயரமுடையது. பார்வை மங்கிய தந்தை குனிந்து, மைந்தனின் முதுகில் இரு கைகளையும் வைத்திருக்கின்றார். மூத்த மகன் வலப்புறம் விறைத்து நிற்கின்றான். மண்டியிட்டவனின் தலை மழிக்கப்பட்டது, ஆடை கந்தல், ஒரு செருப்புக் கழன்று விழ, தேய்ந்த உள்ளங்கால் நமக்குத் தெரிகின்றது. தம் முகத்தைத் தைலவண்ணத்தில் மட்டும் நாற்பது தடவையளவில் எழுதிய றெம்பிறான்ட், இம்மைந்தனின் முகத்தை நமக்குக் காட்டவில்லை. அது தந்தையின் மார்பிலே புதைந்து கிடக்கின்றது.

1669ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி றெம்பிறான்ட் காலமானார். அம்ஸ்ரடாமின் மேற்குத் தேவாலயத்திலே, வாடகைக்கு எடுத்த குழியொன்றில் அவரை அடக்கினர்.