பம்பாயில் பிறந்த டாஸ்மேனியாக்காரி

2023-ல் மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கினப்போ, பல செய்திகளில் ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. முதல் ஆசிய நடிகைன்னு நேரா எழுதாம, தன்னை ஆசியர்னு சொல்லிக்கிட்ட முதல் நடிகைன்னு சுத்தி வளைச்சு எழுதினாங்க. ஏன் தெரியுமா? 87 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அந்தப் பரிந்துரையை வாங்கிட்டார். ஆனா அவர் அதைச் சொல்லிக்கலை.

அவர் பெயர் மெர்ல் ஓபரான். 1911-ல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வறுமையில் வளர்ந்தவர். அப்பா பிரிட்டிஷ்காரர். பெற்றவர் கான்ஸ்டன்ஸ் என்ற சிறுமி. வளர்த்தது பாட்டி சார்லட், இலங்கை வழி வந்தவர். அவரைத்தான் அம்மா என்று மெர்ல் நம்பி வளர்ந்தார்.

நம்ம போத்தனூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய பேர் இருந்தாங்க. சட்டைக்காரங்கன்னு சொல்வாங்க, வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. வெள்ளைக்காரருக்கு அவங்க இந்தியர். நமக்கோ வெள்ளைக்காரர் மாதிரி. கல்கத்தா பள்ளிக்கூடத்தில் மெர்லும் இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு கேலிக்கு ஆளானார்.

1920களின் இறுதியில் ஐரோப்பா போனார். சினிமாவில் நுழைந்ததும் புதுக் கதை ஒன்று கட்டப்பட்டது: பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி வெள்ளையர், கறுப்பர் உறவைத் திரையில் காட்டத் தடை போட்டிருந்தது. நடைமுறையில் ஆசிய நடிகைகளுக்கும் கதாநாயகி வேஷம் எட்டாக்கனிதான். அதனால் வீட்டுக்கு யாராவது வந்தால் சார்லட் வேலைக்காரியாக நடிக்க வேண்டியிருந்தது.

சாயப்பட்டறையில் ஷேட் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். லைட் பாக்ஸில் விளக்கை மாத்தினா ஒரே துணி வேற கலரா தெரியும். மெர்ல் விஷயத்திலும் முகம் மாறவே இல்லை. டாஸ்மேனியான்னு ஒரு வார்த்தை சேர்ந்ததும் பார்த்தவங்க கண்ணே அவரை வெள்ளைக்காரி ஆக்கிடுச்சு. ஸ்டூடியோ தெரிஞ்சே மறைத்தது. ரசிகர்கள் தெரியாமலே நம்பினார்கள்.

'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை. 1937-ல் கார் விபத்து, முகத்தில் தழும்பு. பின்னாளில் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்கைப் பொருத்தினார். ஒளி நேரா விழுவதால் தழும்பின் நிழல் தெரியாது. இன்றும் அதற்கு ஓபி லைட் என்றுதான் பெயர்.

அதே 1937-ல் சார்லட் இறந்துபோனார். பிறகு மெர்ல் அவரை ஓவியமாக வரையச் சொன்னார், தோல் நிறத்தை வெளுப்பாக்கி. அம்மாவை வீட்டில் மாட்டி வைக்க ஆசை இருந்தது. அம்மாவின் நிறத்தோடு மாட்ட தைரியம் இல்லை.

1978-ல் ஹோபார்ட் நகரம் அவரை மண்ணின் மகளாக வரவேற்றது. அடுத்த வருடம் இறந்தார். உண்மை ஊருக்குத் தெரிந்தது 1983-ல்.

பொய் சொன்னாரேன்னு அவரைத் திட்டுறது ஈஸி. ஆனா உண்மையைச் சொல்லியிருந்தா யார் வாய்ப்பு கொடுத்திருப்பாங்க? அவிநாசி, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவங்களோட பிள்ளைங்க இன்னைக்கு நம்மளோடவே தமிழ் பேசி வளருறாங்க. நாளைக்கு உங்க கிளாஸில் பக்கத்து சீட்டில் உட்காருவாங்க. சொந்த ஊர் எதுன்னு கேட்கும்போது, அவங்க அவிநாசின்னு சொன்னா நம்புங்க. அதுக்கு அப்புறமும் முகத்தைப் பார்த்து, இல்ல, நிஜமா எந்த ஊருன்னு திரும்பக் கேட்காதீங்க.