ஏமி கார்மைக்கேல்

ஏமி பீட்ரிஸ் கார்மைக்கேல் (டிசம்பர் 16, 1867 – சனவரி 18, 1951) அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் வாழ்ந்து மறைந்த கிறித்தவ ஊழியர், எழுத்தாளர் ஆவார். தோனாவூர் என்னும் சிற்றூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் நிலையில் இருந்த சிறுமியருக்கும் இல்லம் அமைத்தவர். தோனாவூர் ஐக்கியம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தவர். 1895 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த இவர், பின்னர் ஒருமுறை கூடத் தாய்நாடு திரும்பாமல் 55 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார். குழந்தைகளும் ஊராரும் இவரை அம்மா என்றே அழைத்தனர்.

இளமை

ஏமி இன்றைய வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் உள்ள மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை டேவிட் கார்மைக்கேல், தாய் கேத்தரின். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். குடும்பத்தினர் மாவு ஆலை நடத்தி வந்தனர்; பிரெசுபிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

சிறுமியாக இருந்தபோது தன் பழுப்பு நிறக் கண்களை நீல நிறமாக மாற்றித் தருமாறு இவர் இரவில் கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகவும், காலையில் கண்ணாடியில் பார்த்து ஏமாற்றமடைந்ததாகவும் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. பிற்காலத்தில் சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களிடையே பழகியபோது அந்தப் பழுப்புக் கண்களே தமக்கு உதவியாக இருந்ததை இவர் உணர்ந்தார். ஞாயிறு பள்ளி வகுப்புகளில் இன்றும் பல நாடுகளில் சொல்லப்படும் கதை இது.

குடும்பம் பெல்பாசுட்டு நகருக்குக் குடிபெயர்ந்த பின், 1885 இல் தந்தை காலமானார். அந்நகரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இவரது வாழ்க்கைப் போக்கை மாற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், பெரிய மூட்டையைச் சுமக்க முடியாமல் தள்ளாடிய ஏழை மூதாட்டி ஒருவரை ஏமியும் தம்பியரும் கண்டனர். மூட்டையை வாங்கிக்கொண்டு அவரைத் தாங்கி நடத்திச் சென்றனர். வசதி படைத்த சபையார் எதிரே வந்தபோது ஏமிக்கு வெட்கம் மேலிட்டது. உதவியதற்காகத் தாம் ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற கேள்வி அன்று முழுவதும் அவரை விடவில்லை. மனிதர் பார்வைக்காகச் செய்யப்படுவது எது, காலத்தால் அழியாமல் நிற்பது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும் என அன்று அவர் முடிவு செய்தார்.

அதன் பின் தெருச் சிறுவர்களுக்கும், ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கும் வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அப்பெண்களைக் கோயிலில் பலர் விரும்பவில்லை. அவர்களுக்கென 1889 இல் தகரத்தாலான கூடம் ஒன்று எழுந்தது. பின்னர் இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரச் சேரிப் பகுதியிலும் ஏமி பணியாற்றினார். கெசிக் மாநாடுகளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான இராபர்ட்டு வில்சன் இவரைத் தம் மகளைப் போல ஏற்று வளர்த்தார். இதனால் இவர் ஏமி வில்சன் கார்மைக்கேல் என்றும் அறியப்படுகிறார்.

யப்பானும் இந்தியாவும்

நரம்பு வலியால் அடிக்கடி படுக்கையில் விழும் உடல்நிலை கொண்டவர் ஏமி. சீனாவுக்குச் செல்ல விரும்பியபோது உடல்நலக் குறைவு காரணமாக ஏற்கப்படவில்லை. 1893 இல் யப்பானுக்குச் சென்று, மட்சுயே நகரில் சுமார் ஓராண்டு காலம் பணி செய்தார். நோயினால் அங்கிருந்து விலகி, இலங்கையில் சில காலம் தங்கி, 1894 இன் இறுதியில் இங்கிலாந்து திரும்பினார்.

1895 இல் இங்கிலாந்து திருச்சபையின் செனானா மிசனரி சங்கத்தின் சார்பில் பெங்களூர் வந்தடைந்தார். 1896 டிசம்பரில் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். அங்கு தாமசு வாக்கர் என்னும் அருட்பணியாளரிடம் தமிழ் பயின்றார். பண்ணைவிளையில் தங்கியிருந்த காலத்தில், தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று போதித்தார். இக்குழுவில் முதன்மையானவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, வீட்டிற்குள் முடங்கிக் கிடந்த இவர், பிற்காலத்தில் ஏமியின் வலக்கரமாக விளங்கினார்.

தோனாவூர்

தோனாவூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், களக்காட்டை அடுத்து அமைந்துள்ளது. இராசிங்காபுரம், போடிநாயக்கனூர் ஊர்களுக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகளாக நிற்கும் மலைத்தொடரே தெற்கே நீண்டு இவ்வூரின் பின்னணியாகவும் அமைகிறது. 1820களில் இரேனியுசு ஐயரின் காலத்தில், செருமானியப் பிரபுவான தோனா என்பவரின் பொருளுதவியால் உருவான கிறித்தவக் குடியிருப்பு என்பதால் இப்பெயர் பெற்றது. ஏமியும் வாக்கர் குடும்பத்தினரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு குடியேறினர்.

1901 மார்ச்சு மாதம் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, தான் ஒப்படைக்கப்பட்டிருந்த கோயில் வீட்டிலிருந்து தப்பி ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் சென்றபோது, அவள் திருப்பி அனுப்பப்பட்டுக் கைகளில் சூடு வைக்கப்பட்டிருந்தாள். அச்சிறுமி கூறியவற்றைக் கேட்ட பின்னரே, குழந்தைகள் கோயிலுக்கு அளிக்கப்படும் வழக்கத்தின் மறைவான பக்கங்களை ஏமி ஆராயத் தொடங்கினார். 1904 சூன் மாதத்திற்குள் 17 குழந்தைகள் அவரது பொறுப்பில் இருந்தனர். 1913 இல் இவ்வெண்ணிக்கை 130 ஆயிற்று. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

தொடக்க காலத்தில் கைக்குழந்தைகள் பலர் நோயால் இறந்தனர். மருத்துவ வசதி தோனாவூரில் இல்லாமையால், இலண்டன் மிசன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு மழலையர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார்.

தாழ்ந்த பணி என்னும் கேள்வி

குழந்தைகள் பெருகியபோது ஏமிக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஊர் ஊராகச் சென்று போதிப்பதே மிசனரியின் முதன்மைப் பணி எனக் கருதப்பட்ட காலம் அது. குழந்தைகளுக்குப் பால் புகட்டுவது, நகம் வெட்டுவது, துணி துவைப்பது, இரவில் கண் விழிப்பது போன்றவை பயிற்சி பெற்ற ஊழியர் செய்யத்தக்கவை அல்ல எனச் சக மிசனரிகளுள் சிலர் எண்ணினர். அவருடன் இருந்த தமிழ்ப் பெண்களுக்கோ சிக்கல் வேறு வகையில் இருந்தது. பிறர் குழந்தையின் அழுக்கைத் தூய்மை செய்வது சாதி வழக்கப்படி இழிந்த வேலை. மதம் மாறிய பின்னும் அந்த எண்ணம் எளிதில் மறையவில்லை. கூலி கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை.

இக்கேள்விக்கு விடையாக ஏமி எடுத்துக்கொண்டது யோவான் நற்செய்தியின் 13 ஆம் அதிகாரம். இறுதி இராவுணவின்போது இயேசு மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி அதில் கூறப்படுகிறது. அக்காலத்தில் கால் கழுவுதல் வீட்டு அடிமையின் வேலை. ஆசிரியரே அதைச் செய்தார் என்றால், குழந்தையின் காலைக் கழுவுவது தமக்குத் தாழ்வாகாது என ஏமி கருதினார். பொன்னம்மாள் இதனை முதலில் ஏற்று, எவரும் செய்யத் தயங்கிய வேலைகளைத் தாமே செய்தார். அதைக் கண்டு மற்றவர்களும் மெல்ல முன்வந்தனர். தோனாவூரின் பிற்கால வளர்ச்சிக்கு அடித்தளமாக அமைந்தது இம்மனமாற்றமே ஆகும்.

குழந்தைகளை வளர்த்த முறை

தோனாவூர் இல்லம் ஓர் அனாதை விடுதியாக அன்றி ஒரு குடும்பமாகவே நடத்தப்பட்டது. இந்தியப் பெண் ஊழியர்களைக் குழந்தைகள் அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர்களைச் சித்தி என்றும், ஆண் ஊழியர்களை அண்ணாச்சி என்றும் அழைத்தனர். குழந்தைகளுக்கு இந்தியப் பெயர்களே சூட்டப்பட்டன. ஊழியர்களும் இந்திய உடையே உடுத்தினர். இல்லத்தில் சாதி வேறுபாடு பார்க்கப்படவில்லை.

பல குழந்தைகளின் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. எனவே அவர்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் அவர்களுக்குரிய விழாவாகக் கொண்டாடப்பட்டது. வேண்டாதவர் எனக் கைவிடப்பட்ட குழந்தைக்கு, தான் வந்த நாள் பிறருக்கு மகிழ்ச்சியான நாள் என்பதை உணர்த்துவதாக இவ்வழக்கம் அமைந்தது.

தன்னலமற்ற அன்பைப் பாடமாக மட்டும் சொல்லிக்கொடுப்பதில் ஏமிக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பெரியவர்கள் எந்த வேலையையும் தாழ்வாகக் கருதாமல் செய்வதைக் குழந்தைகள் நாள்தோறும் கண்டனர். வளர்ந்த சிறுமியர் தங்களை விடச் சிறியவர்களைக் கவனித்துக்கொண்டனர். சமையல், தோட்டவேலை, நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றில் பங்கேற்றனர். இவ்வாறு வளர்ந்தவர்களிலிருந்தே பின்னாளில் மழலையர் இல்லங்களின் பொறுப்பாளர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் உருவாயினர். குழந்தைகள் பாடுவதற்காக ஏமி பல பாடல்களையும் இயற்றினார்.

1916 இல் திருமணம் செய்துகொள்ளாமல் பணிக்குத் தம்மை அளித்த பெண்களைக் கொண்டு பொதுவாழ்வின் சகோதரிகள் என்ற குழு அமைக்கப்பட்டது. இடைக்கால நெதர்லாந்தில் செயல்பட்ட ஒரு பக்தி இயக்கத்தின் பெயரைத் தழுவியது இது. தொழுகையையும் துணி துவைப்பதையும் உயர்வு தாழ்வு எனப் பிரிக்காமை இக்குழுவின் கொள்கையாகும்.

அமைப்பும் மருத்துவமனையும்

ஏமி 1925 இல் தமது சங்கத்திலிருந்து விலகினார். சில காலத்தில் தோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. நன்கொடை கேட்டுப் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுப்பதில்லை என்பதும், ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதும் அதன் வழக்கங்களாக இருந்தன. அனைத்துச் சமயத்தவருக்கும் பயன்படும் வகையில் பரம சுக சாலை என்னும் மருத்துவமனை நிறுவப்பட்டது.

1919 இல் பிரித்தானிய அரசு இவருக்குக் கெய்சர்-இ-இந்த் பதக்கம் அறிவித்தது. தம் ஆண்டவருக்குக் கிடைத்தது அவமதிப்பாக இருக்க, தமக்குப் பெருமை எதற்கு என ஏமி தயங்கினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் பதக்கத்தை ஏற்றார்; ஆனால் வழங்கு விழாவுக்குச் செல்லவில்லை.

எதிர்ப்புகளும் விமர்சனங்களும்

குழந்தைகளைக் கடத்துகிறார் என்ற குற்றச்சாட்டை ஏமி பலமுறை எதிர்கொண்டார். வழக்குகளும் தொடரப்பட்டன. 1911 இல் ஒரு வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. 1903 இல் வெளியான அவரது நூலில் மிசன் பணியின் தோல்விகளை மறைக்காமல் எழுதியிருந்ததால், அவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்க வேண்டும் எனச் சக மிசனரிகளுள் ஒரு சாரார் கோரினர்.

அவரது எழுத்துகள் இந்துச் சமூகத்தை இருளும் ஒளியும் என இரு கூறாகவே காண்கின்றன என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் கருத்தாகும். இசையையும் ஆடலையும் பல நூற்றாண்டுகள் பேணி வந்தவர்கள் தேவதாசி மரபினர் என்ற மறுபக்கம் அவற்றில் இடம்பெறவில்லை. இம்முறையைச் சட்டத்தால் ஒழிக்கும் முயற்சியில் முன்னின்றவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஆவர். சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947 இல் நிறைவேறியது. அப்போது ஏமிக்கு வயது ஏறத்தாழ 80.

இறுதிக் காலம்

1931 இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, இருட்டில் குழி ஒன்றில் விழுந்து ஏமி காலை முறித்துக்கொண்டார். அதன் பின் முழுமையாக நலம் பெறவில்லை. எஞ்சிய சுமார் 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். பிறருக்குப் பணிவிடை செய்து வாழ்ந்தவர், பிறர் செய்யும் பணிவிடையைப் பெற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்தார். அவர் வளர்த்த பெண்களே அவரைக் கவனித்துக்கொண்டனர். இக்காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். நோயுற்றோருக்காக எழுதிய மடல்களின் தொகுப்பும் அவற்றுள் ஒன்று.

1951 சனவரி 18 அன்று தமது 83 ஆம் வயதில் தோனாவூரில் காலமானார். தம் கல்லறை மீது நினைவுக்கல் வைக்கக்கூடாது என அவர் கூறியிருந்தார். எனவே அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்துவதற்கான ஒரு சிறு கல்தொட்டியே அமைக்கப்பட்டது. அதில் அவரது பெயரோ ஆண்டுகளோ இல்லை. தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. தோனாவூர் ஐக்கியத்தின் பணிகள் அவருக்குப் பின்னும் இந்தியர்களின் தலைமையில் தொடர்ந்தன.

எழுதிய நூல்களுள் சில

ஏமி ஏறத்தாழ 35 நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார்.

* திங்ஸ் ஏஸ் தே ஆர் (உள்ளது உள்ளபடி), 1903
* லோட்டஸ் பட்ஸ் (தாமரை மொட்டுகள்), 1909
* வாக்கர் ஆஃப் டின்னவெலி – தாமசு வாக்கரின் வாழ்க்கை வரலாறு, 1916
* பொன்னம்மாளின் வாழ்க்கை வரலாறு, 1918
* மிமோசா, 1924
* கோல்ட் கார்ட் (பொற்கயிறு) – தோனாவூர் இல்லத்தின் வரலாறு, 1932
* இஃப் – அன்பைப் பற்றிய சிறு சிந்தனைகள், 1938